கடலில் விட்ட வேட்டி

பிள்ளைகளா, போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களிடம் நம் வீட்டுச் சின்னவன், தம்பி, அந்தக் கதையைச் சொன்னான். அந்தமானில் அப்பா நான் வேட்டியைக் கடலில் விட்டதையும், அது போய்ப் படகுக்கு அடியில் சுற்றுகிற விசிறியில் சிக்கிக்கொண்டதையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் சித்தப்பாவுக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். பாப்பா, நீ மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாய். தட்டில் வைத்த அதிரசம் அப்படியே இருந்தது.

அந்தக் கதையில் எந்த இடம் உனக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதே இடம்தான். வேட்டி இல்லை. வேட்டி கிடைத்த பிறகு நான் நின்ற நிலை. தம்பி அதைச் சொல்வதே இல்லை. அவன் சின்னப் பிள்ளை, அதைக் கவனித்திருக்க மாட்டான். நீ கவனித்தாய். வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் படித்தாலும் புரிய வேண்டும்.

நான் மதுரை விளாங்குடியில் பந்தல் போடுகிறவன். சாமியானா, சேர், மேசை, சமையல் அண்டா எல்லாம் வாடகைக்கு விடுகிறேன். ஒரு விசேஷத்தில் எத்தனை சேர் போட்டாலும் பந்தல்காரன் ஒன்றில்கூட உட்கார மாட்டான். உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. உட்கார்ந்தால் அந்த நேரம் பார்த்து ஒரு கயிறு தளரும், ஒரு டியூப்லைட் அணையும், மாப்பிள்ளை வீட்டார் இன்னும் நாலு சேர் கேட்பார்கள். அதனால் ஓரமாக ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது பழகிவிட்டது. பந்தி முடிந்து, எச்சில் இலை எடுத்த பிறகுதான் எங்களுக்குச் சோறு. அதையும் நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுவோம்.

எங்கள் சாமான் எல்லாவற்றிலும் ஒரு குறி இருக்கும். சிவப்புப் பெயிண்டில் ஒரு வட்டம், உள்ளே மூன்று புள்ளி. படிக்காத ஆளும் பார்த்தவுடன் இன்னார் சேர் என்று பிரித்து எடுக்க வேண்டும் என்பதற்காக வைத்தது. வேலைக்குக் கட்டுகிற பழைய வேட்டியின் மூலையில்கூட அந்தக் குறியைப் போட்டிருந்தேன். நாலு பேர் வேலை செய்கிற இடத்தில் வேட்டி மாறிப் போகும்.

எங்களைக் கடலுக்குக் கூட்டிப் போனவர் கீழவாசல் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கிற பாய். நானும் அவரும் எட்டாவது வரை ஒரே பெஞ்ச். அப்போது நான் அவரை மாப்ள என்பேன், அவரும் என்னை மாப்ள என்பார். அவர் மேலே படித்தார், கடைக்கு முதலாளி ஆனார். நான் அவர் வீட்டு விசேஷங்களுக்குப் பந்தல் போடப் போனேன். போகப் போக என் வாயில் அவர் பாய் ஆகிவிட்டார். அவர் வாயில் நான் இன்னும் மாப்ளதான். ஒருநாள் கேட்டேவிட்டார். "கடையில ஆளுக நிக்கிறப்ப பாய்னு சொல்லு, சரி. நாம ரெண்டு பேரும் டீ குடிக்கிறப்ப எதுக்குடா பாயி?" நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

அவருடைய மகள் கல்யாணம் முடிந்து அடுத்த வருடம், அவர் மனைவிக்குக் கடல் பார்க்க ஆசை வந்தது. கூட்டம் இல்லாத கடல் வேண்டுமாம். பாய் விசாரித்து, அந்தமானில் ஒரு படகையே முழுசாகப் பேசிவிட்டார். ரோடு போகாத, காட்டு வழியும் இல்லாத சின்னச் சின்னக் குடாக்களுக்கு அந்தப் படகு கொண்டுபோய் விடும். கடல் கரைக்குள் வளைந்து நுழைந்து, பிறை மாதிரி ஒரு துண்டு மணல் கிடக்குமே, அந்த இடத்தைத்தான் குடா என்கிறார்கள். ஒரே நாளில் மூன்று குடா காட்டுவதாகப் பேச்சு.

"மாப்ள, அம்புட்டுப் பெரிய படகுல நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு என்ன செய்ய? நீயும் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வா" என்றார்.

"நாங்க எதுக்கு பாய் அங்கெல்லாம்" என்றேன்.

"பந்தல் போட இல்ல. வேடிக்கை பாக்க."

வீட்டில் வந்து சொன்னபோது தம்பி குதித்தான். பாப்பா, நீ சந்தோஷப்பட்டாய், ஆனால் துணி எடுத்து வைக்கும்போது என் பக்கத்தில் வந்து மெதுவாக ஒன்று சொன்னாய். "யப்பா, அங்க வந்து எந்திரிச்சு எந்திரிச்சு நிக்காதப்பா. அவங்க கூப்பிட்டுத்தான் போறோம். அவங்க உக்காந்தா நீயும் உக்காரு." நான் சரி என்றேன். நீ நம்பாமல், "சத்தியமா" என்று கையை நீட்டினாய். உன் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தேன்.

நீ ஏன் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் ஏன் அதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டேன் என்று உனக்குத் தெரியாது. உங்கள் தாத்தா சமயநல்லூர் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர். நமக்கு ஒரு குழி நிலம் கிடையாது. வயல்காரர் வீட்டு வாசலுக்குப் போனால், தோளில் கிடக்கிற துண்டைத் தாத்தா எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். முதுகு தானாகவே வளையும். வயல்காரர் வீட்டுச் சின்னப் பையனையும் ஐயா என்பார். நான் அவருக்குப் பின்னால் நின்று அந்த முதுகைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அவர் மேல் கோபம் வரும். அதைச் சொல்லவும் முடியாது. பாப்பா, நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நினைத்தது ஒன்றுதான். என் பிள்ளை என்னை அப்படிப் பார்க்கக் கூடாது. வேறு என்ன கொடுக்க முடிகிறதோ இல்லையோ, அது ஒன்று.

படகு வெள்ளைவெளேர் என்று இருந்தது. பின்பக்கம் அரைவட்டமாக மெத்தை வைத்த இருக்கை. கேப்டனுக்கு முப்பது வயசு இருக்கலாம். அவருடைய அப்பா காலத்திலேயே ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து அந்தமானில் தங்கிவிட்டவர்களாம். கூட வேலைக்கு இன்னொருவர் இருந்தார், அவருக்குத் தமிழ் அரைகுறை. ஏறினவுடன் கேப்டன் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். "கடல்ல இருந்து எதையும் எடுக்கக் கூடாது, கடல்ல எதையும் போடக் கூடாது. ஒரு முட்டாய் பேப்பர்கூட." நான்தான் எல்லோருக்கும் முந்தித் தலையாட்டினேன்.

உட்கார்ந்தேன். மெத்தை உள்ளே வாங்கியது. கேப்டன் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார், நான் எழுந்துவிட்டேன். நீ பார்த்தாய். உட்கார்ந்தேன். தண்ணீர் கேனை நகர்த்தினார்கள், என் கை தானாக நீண்டுவிட்டது. மறுபடி நீ பார்த்தாய். பாய் மனைவி டிபன் பாக்ஸைத் திறந்து எல்லோருக்கும் இட்லி வைத்தபோது, "நீங்க சாப்பிடுங்கம்மா, நான் பிறகு" என்று ஓரமாகப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, நீங்க அங்க நின்னா எனக்கு எப்புடிண்ணே எறங்கும்" என்றார் அவர்.

"விடு, அவன் படகு கவுந்துராம புடிச்சுக்கிட்டு நிக்கிறான்" என்றார் பாய்.

உன் முகத்துக்காக வந்து உட்கார்ந்தேன். இடுப்புக்குக் கீழே முள் வைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தேன்.

முதல் குடாவை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தில் வண்டியை நிறுத்திப் பார்க்கிற ஊர்க்காரன் நான். அங்கே தண்ணீர் பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. கண்ணாடித் துண்டைச் சாய்த்துப் பிடித்தால் விளிம்பில் ஒரு நிறம் தெரியும் அல்லவா, அந்த நிறம். அடியில் கிடக்கிற கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. படகு கரை வரை போகாது என்பதால் நடுவில் நிறுத்தி, சின்ன ரப்பர் படகில் எங்களைக் கரையில் விட்டார்கள். மணல் வறுத்த ரவை மாதிரி. அதில் ஒரு கால் தடம்கூட இல்லை. கால் வைக்கவே கூச்சமாக இருந்தது. பெரிய பெரிய மரங்கள் கடலைப் பார்த்துச் சாய்ந்து நின்றன. மனிதச் சத்தமே இல்லை. பாய் மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் அந்த மணலில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து போனார். திரும்பி வரும்போது முகம் சின்னப் பெண் முகம் மாதிரி இருந்தது.

"யப்பா, இங்க பந்தல் போட்டா எம்புட்டு சேர் புடிக்கும்?" என்று தம்பி கேட்டான். நானும் மனதுக்குள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மணலில் குழி தோண்டினால் கம்பு நிற்காது என்று வேறு.

"சேரெல்லாம் வேணாம், உங்கப்பன் உக்காந்தாப் போதும்" என்றார் பாய்.

தம்பி ஒரு அழகான சங்கை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டான். நான்தான் அதட்டினேன். உள்ளே ஒரு குட்டி நண்டு குடியிருந்தது. "கேப்டன் என்ன சொன்னாரு? எடுத்த எடத்துல வையி" என்றேன். வைத்தான். அப்படிச் சொன்ன ஆள்தான் நான்.

இரண்டாவது குடாவுக்கு மதியம் போனோம். இரண்டு பக்கமும் பாறை நீண்டு வந்து தண்ணீரில் இறங்கியது. நாகமலையின் வாலை அறுத்துக் கடலில் வைத்த மாதிரி. நடுவில் வாசல் மாதிரி ஒரு வழி. அந்த வழியின் அடியில் பவளப்பாறை இருக்கிறது, தண்ணீர் வற்றுவதற்குள் வெளியே போய்விட வேண்டும் என்று கேப்டன் சொன்னார். அதற்குள் குளிக்கிறவர்கள் குளிக்கலாம்.

நம் பக்கத்தில் ராமேஸ்வரம் போனால் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். கடலில் முழுகிவிட்டுக் கட்டின துணியைக் கடலிலேயே விட்டுவிட்டு வருவோம். பிடித்த பீடை துணியோடு போய்விடும், வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. அந்த வருடம் எனக்குத் தொழில் மந்தம். ஊரிலேயே இருந்துவிட்ட உங்கள் அம்மா அதற்காகவே என் பழைய வேலை வேட்டி ஒன்றைப் பையில் வைத்திருந்தாள். அவள் மேல் பழி போடவில்லை. அவள் வைக்காவிட்டால் நான் வைத்திருப்பேன். நான் பாறைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிப் போய் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு முழுகினேன். தொழில் நடக்கணும், பிள்ளைகள் தலைநிமிர்ந்து நடக்கணும் என்று வேண்டிக்கொண்டு வேட்டியை அவிழ்த்து விட்டேன். அது தண்ணீருக்குள் விரிந்து, கொஞ்ச நேரம் மிதந்து, மெல்ல முங்கி, நீரோட்டத்தோடு நகர்ந்து போனது.

கடலில் எதையும் போடக் கூடாது என்று காலையில் தலையாட்டினவன் நான்தான். ஆனால் அவர் சொன்னது குப்பையை என்று நினைத்தேன். இது குப்பை என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோயிலில் தேங்காய் உடைத்தால் குப்பை போட்டதாக யாரும் நினைப்பார்களா? எனக்கு அப்படித்தான் இருந்தது. சங்கைத் திருப்பி வைக்கச் சொன்னது நினைவுக்குக்கூட வரவில்லை.

மாற்று வேட்டி கட்டிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுப் படகுக்கு வந்தேன். எதையோ இறக்கி வைத்த மாதிரி உடம்பு லேசாக இருந்தது. போய் மெத்தையில் உட்கார்ந்தேன். சாய்ந்தேன். காலைக்கூட நீட்டினேன். பாய் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை கொடுத்தார், வாங்கித் தின்றேன். பாப்பா, நீ எதிரில் நின்று போனில் என்னைப் படம் எடுத்தாய். எடுத்துவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு என் கண்ணுக்குள் இப்போதும் இருக்கிறது. அதனால்தான் பிறகு நடந்தது இவ்வளவு வலிக்கிறது.

கேப்டன் என்ஜினைப் போட்டார். படகு கொஞ்சம் நகர்ந்தது. அடியில் கட்டக் என்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு உதறல், என்ஜின் நின்றுவிட்டது. மறுபடி போட்டார். உறுமியது, நின்றது. அவர் முகம் மாறியது. கூட இருந்தவரிடம் ஏதோ சொல்லி நங்கூரத்தைப் போடச் சொன்னார். கண்ணாடி மாட்டிக்கொண்டு கத்தியோடு தண்ணீருக்குள் குதித்தார். மூச்சு வாங்க மேலே வருவார், திரும்ப உள்ளே போவார். ஒவ்வொரு தடவையும் கிரீஸ் பிடித்த கந்தலை அறுத்துக் கொண்டுவந்து படகில் வீசினார். கறுப்புக் கந்தல். எனக்கு அது என்னுடையது என்று அப்போதும் புரியவில்லை, அல்லது புரிய வேண்டாம் என்று மனம் பார்த்ததோ என்னவோ.

"யாரு துணிங்க இது?" என்று தண்ணீரில் இருந்தபடியே கேட்டார்.

 தம்பி குனிந்து ஒரு கந்தலை எடுத்து விரித்தான். அவனுக்குக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். "யப்பா, இங்க பாரேன். நம்ம சேர்ல இருக்குற குறி."

சிவப்பு வட்டம், மூன்று புள்ளி. கிரீஸையும் தாண்டித் தெரிந்தது. நல்ல பெயிண்ட் அது.

நான் எழுந்தேன். எழுந்தது தெரியும். "என்னுதுதாங்கய்யா" என்றேன். "தெரியாம நடந்துபோச்சுங்கய்யா. பெரிய மனசு பண்ணி மன்னிச்சுக்கங்கய்யா." என் வாயிலிருந்து வந்த குரல் என் குரல் இல்லை. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும்.

கேப்டன் திட்டவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார். "காலையிலேயே சொன்னேன்லண்ணே. முட்டாய் பேப்பர்கூடன்னு சொன்னேன்."

"குப்பை இல்லைங்கய்யா. வேண்டுதலுங்கய்யா."

"கடலுக்கு எதுக்குண்ணே வேட்டி? அது எடுத்துக் கட்டிக்கவா போகுது?"

கூட இருந்தவர் சிரித்துவிட்டார். பாயின் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். நான் இன்னும் குனிந்து, "ஆமாங்கய்யா, தப்புத்தாங்கய்யா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை சொன்னால் போதும் என்று வாய்க்குத் தெரியவில்லை.

பாய் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். "கேப்டன், நீங்க வேலையப் பாருங்க" என்றார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மாப்ள, துண்ட எடுத்துத் தோள்ல போடு" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். தோளில் கிடந்த துண்டு என் கக்கத்தில் இருந்தது. எப்போது எடுத்தேன், எந்தக் கையால் எடுத்தேன், எதுவும் தெரியாது. தாத்தா எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. நான் பின்னால் நின்று பார்த்ததுதான்.

உடனே உன்னைத் தேடினேன், பாப்பா. நீ கடலைப் பார்த்துத் திரும்பி நின்றாய். உன் கழுத்து மட்டும் தெரிந்தது. விறைப்பாக இருந்தது. நான் தாத்தாவுக்குப் பின்னால் நின்றபோது என் கழுத்தும் அப்படித்தான் இருந்திருக்கும்.

விசிறி விடுபட நேரம் ஆகிவிட்டது. அதற்குள் வாசலில் தண்ணீர் வற்றிவிட்டது. பவளப்பாறை பழுப்பாகத் தலை காட்டியது. தண்ணீர் திரும்ப ஏறும் வரை அந்தக் குடாவிலேயே கிடக்க வேண்டும், மூன்றாவது குடாவுக்குப் போக முடியாது என்றார் கேப்டன். மூன்றாவதுதான் மூன்றிலும் அழகானது என்று காலையில் அவரே சொல்லியிருந்தார். பாய் மனைவி அதைப் பற்றி வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். இப்போது, "பரவாயில்ல, இதே நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இருட்டுவதற்குள் படகுகள் துறைக்குத் திரும்ப வேண்டுமாம். தாமதம் ஆகும் என்று கேப்டன் ரேடியோவில் சொன்னார். அந்தப் பக்கம் யாரோ சத்தம் போட்டார்கள். "இல்ல சார்... என் தப்புதான் சார்... சரி சார்" என்றார் இந்தப் பக்கம். காலையிலிருந்து நிமிர்ந்து நின்றவர், அந்த ரேடியோ முன்னால் கொஞ்சம் குனிந்துதான் நின்றார். வேட்டி விட்டவன் நான் என்று அவர் என்னைச் சொல்லவில்லை. தன்மேல் போட்டுக்கொண்டார். எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. படகின் முன்பக்கம் போய் வெறும் தரையில் உட்கார்ந்தேன். அன்று யாரும் சொல்லாமல் நானாக உட்கார்ந்தது அது ஒன்றுதான்.

பாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் வேர்க்கடலை தின்றார்.

"ஹெட்மாஸ்டர் ரூம் சன்னல ஒடச்சமே, அப்பகூட நீ இப்புடி நிக்கலையேடா" என்றார்.

"அப்ப என் பக்கத்துல நீங்க நின்னீங்க பாய்."

"இப்ப எங்க நின்னேன்? மரத்து மேலயா?"

நான் சிரிக்கவில்லை. "பிள்ளை பாத்துருச்சு பாய்" என்றேன்.

 பாய் கடலையை உடைத்து என் கையில் வைத்தார். பின்னால் தம்பி கேப்டனிடம், தண்ணீர் எங்கே போனது, எப்போது திரும்ப வரும் என்று கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். கேப்டன் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். வெயில் சாய்ந்து தண்ணீர் திரும்ப ஏறின பிறகு வெளியே வந்தோம். அறுத்த கந்தல் எல்லாவற்றையும் நான் பொறுக்கி ஒரு பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாத துணி, விமானத்தில் என்னோடு மதுரைக்கு வந்து சேர்ந்தது. பீடையா இல்லையா தெரியாது. குடோனில்தான் கிடக்கிறது.

ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும்போது, தம்பி தூங்கிவிட்டான். நீ அப்போதுதான் பேசினாய். "ஏம்பா அப்புடி நின்ன? அவரு திட்டவே இல்லையேப்பா."

"ஒரு மரியாதைக்குத்தான் பாப்பா" என்றேன்.

"அந்த அண்ணன் உன்னைவிடச் சின்ன ஆளுப்பா" என்றாய். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மரியாதை இல்லை, பாப்பா. கேப்டன் மேல் பயமும் இல்லை. தப்பு செய்தால் ஒப்புக்கொள்ள வேண்டும், மன்னிப்பு கேட்க வேண்டும். அதில் குறைச்சல் எதுவும் கிடையாது, நீங்களும் கேட்க வேண்டும். ஆனால் நிமிர்ந்து நின்றும் கேட்கலாம். ஒரே ஒரு தடவை கேட்கலாம். என் உடம்புக்கு அந்த வழி தெரியவில்லை. தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்கு வெட்கம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் உங்கள் தாத்தாவைப் பற்றி நான் கோபமாக நினைத்ததற்கும் சேர்த்து இப்போது வெட்கமாக இருக்கிறது. அவருக்கும் தெரியாமல்தான் துண்டு கக்கத்துக்குப் போயிருக்கும்.

அப்புறம் இந்தத் தை மாதம் பாய் வீட்டில் விசேஷம் வந்தது. பேத்திக்குப் பேர் வைத்து விருந்து. நான் சாமியானாவை எல்லாம் உதறித் தயார் செய்து வைத்திருந்தேன். பாய் கடைக்குக் கூப்பிட்டார். "மாப்ள, பந்தலுக்கு இந்தத் தடவை வேற ஆளச் சொல்லிட்டேன்" என்றார்.

 படகில் நடந்ததற்குத்தான் என்று நினைத்தேன். ஒரு நாள் சுற்றுலாவையும் கெடுத்து, அவர் மனைவி ஆசையையும் கெடுத்தவனுக்கு இது நியாயம்தான் என்றுகூட நினைத்தேன். "சரிங்க பாய்" என்றேன்.

"என்னத்த சரிங்க? பந்தல் நீ போட்டா நீ உக்கார மாட்ட. அதான் நாகமலை புதுக்கோட்டையில இருந்து ஒரு ஆளப் பேசிருக்கேன். நீ சட்டையப் போட்டுக்கிட்டுப் பிள்ளைகளோட வந்து சேரு."

சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா தெரியவில்லை. போனோம். அந்த ஆளின் சேரில் பச்சைப் பெயிண்டில் ஏதோ ஒரு குறி. பாப்பா, நீ என் வலது பக்கம் உட்கார்ந்தாய். நானும் உட்கார்ந்தேன். பந்தலின் கிழக்கு மூலையில் துணி தொங்கிக்கொண்டு நின்றது. கயிற்றை இன்னும் ஒரு சுற்று இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். என் கை அரித்தது. நீ அந்த மூலையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், உன் கையை என் முழங்கால் மேல் வைத்தாய். அழுத்தவில்லை, சும்மா வைத்தாய். பாய் மனைவி பேத்தியைக் கொண்டுவந்து என் மடியில் கொடுத்தார். "அண்ணே, இப்ப எந்திரிக்க முடியாதுல்ல" என்றார். அவர் கணவரிடம்தான் அந்தப் பேச்சைக் கற்றிருப்பார்.

பிரியாணி வந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன். மற்றவர்களோடு சேர்ந்து, சூடாக.

எல்லோரும் கை கழுவ எழுந்தபோது நானும் எழுந்தேன். பந்தல்காரர் சேர்களை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். போகிற போக்கில் நான் உட்கார்ந்த சேரை எடுத்துக்கொண்டுபோய் அந்த அடுக்கில் வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் நீ பின்னாலேயே நிற்கிறாய். காது வரை சூடேறிவிட்டது எனக்கு.

நீ உன் சேரையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாய். அதை என் சேர் மேல் வைத்தாய். அது சரியாக உட்காரவில்லை. ஒரு தட்டுத் தட்டி உட்கார வைத்துவிட்டு, தம்பியைக் கூப்பிடப் போய்விட்டாய்.

அது எனக்குத் துணைக்குச் செய்ததா, கிண்டலா என்று உன்னிடம் இன்னும் கேட்கவில்லை.